புது சர்வருக்கும் ஒரு ‘ஃபிட்’ சர்டிபிகேட் வேண்டும்

2022ஆம் வருடம் நவம்பர் 23ஆம் தேதி காலை, தில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. வெளிநோயாளிகளின் வரிசை வழக்கம்போல் நீண்டிருந்தது. ‘சர்வர் டவுன்’ என்பதுதான் வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்த பதில். ரயில்வே கவுண்டரில் ‘லிங்க் இல்லை’ என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியிராது. அரைமணியில் வந்துவிடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். பெரும்பாலான வேலைகள் கம்ப்யூட்டருக்குத் திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரமாயிற்று.

அதுவரை சீட்டுப் போடுவது, வார்டில் சேர்ப்பது, டிஸ்சார்ஜ் செய்வது, ரத்தப் பரிசோதனை முடிவைக் கொடுப்பது எல்லாம் கையால் எழுதித்தான் நடந்தன. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் இடம் அது. அங்கே பேனாவும் கார்பன் தாளுமாக இரண்டு வாரம் ஓட்டுவது என்றால் என்ன என்பதை, ஒரு நாளாவது கவுண்டரில் உட்கார்ந்த குமாஸ்தாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த டிசம்பரில் பார்லிமெண்டில் மத்திய அரசு தந்த பதில்களிலிருந்து சில விவரங்கள் தெரியவந்தன. ‘ஈ-ஹாஸ்பிடல்’ என்ற மென்பொருள் ஓடிய ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டிருந்தன. சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டுவிட்டன; அதாவது வீடு இங்கே இருக்கிறது, சாவி மட்டும் வெளியார் கையில். வலையமைப்பு முறையாகத் தடுப்புச் சுவர் வைத்துப் பிரிக்கப்படாததே இதற்கு இடம் கொடுத்தது என்று, கம்ப்யூட்டர் அபாயங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் கண்டறிந்தது. நல்ல வேளையாக, பாதிக்கப்படாத ஒரு பேக்அப் சர்வர் இருந்தது. அதிலிருந்து தகவல்களை மீட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள்.

இதில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு செய்தி உண்டு. நவம்பர் 29ஆம் தேதி ஆஸ்பத்திரி நிர்வாகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தகவல்கள் சர்வர்களில் திரும்ப ஏற்றப்பட்டுவிட்டன என்றும், ஆனால் சேவையைத் தொடங்குமுன் வலையமைப்பைச் சுத்தம் செய்யும் வேலை நடக்கிறது என்றும், சர்வர்களும் கம்ப்யூட்டர்களும் ஏராளமாக இருப்பதால் அதற்கு நேரமாகிறது என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. இதை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். தகவல் கைக்கு வந்துவிட்டது. இயந்திரங்கள்தான் ஜனங்கள் முன்னால் வைக்கத் தகுதியாக இல்லை. ஒரு விடுமுறை நாளில், ஆளில்லாத அறையில், கதவைச் சாத்திக்கொண்டு செய்திருக்க வேண்டிய வேலையை, வாசலில் கூட்டத்தை வைத்துக்கொண்டு செய்ய நேர்ந்தது.

இதற்கிடையே இரண்டு சிஸ்டம் அனலிஸ்டுகள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அவர்கள் மீது தவறு உண்டா இல்லையா என்பது விசாரணைக்குரிய விஷயம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு காரியாலயத்தில் சர்வரை முதன்முதலாக லைனில் போடும் நாளில், ‘இது தகுதியானது’ என்று கையெழுத்துப் போட்டவர் யார்? பெரும்பாலான காரியாலயங்களில் அப்படி ஒரு கையெழுத்தே கிடையாது.

சர்வர் என்றதும் தமிழர்களுக்கு இட்லி சாம்பார் கொண்டு வருபவர்தான் நினைவுக்கு வருவார். தவறில்லை. இந்த சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. கேட்பவர் நல்லவரா, பணம் கொடுக்காமல் ஓடப்போகிறவரா என்று பார்க்க அதற்குத் தெரியாது. யாராவது சொல்லி வைத்தால்தான் உண்டு. அப்படிச் சொல்லி வைப்பதற்குத்தான் முன்னேற்பாடு என்று பெயர்.

கரோல் பாக்கில் அஜ்மல்கான் ரோடுக்கும் பூசா ரோடுக்கும் இடைப்பட்ட தெருக்களில் தமிழ் இளைஞர்கள் அறை எடுத்துத் தங்குவது பல தலைமுறை வழக்கம். ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் சர்டிபிகேட்டுகளுடன் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்கள். இப்போது வருகிறவர்கள் டிப்ளமாவோ பி.சி.ஏ.வோ படித்தவர்கள். வேலைதான் முன்போல் இல்லை. அன்று வந்தவருக்கு அரசாங்க உத்தியோகம், குவார்ட்டர்ஸ், பென்ஷன். இன்று சர்வர் அறையைக் கவனிக்கும் பையன் பல இடங்களில் காண்டிராக்டர் அனுப்பிய ஆள். வருடா வருடம் காண்டிராக்ட் மாறும்போது அவன் வேலையும் ஊசலாடும்.

அப்படிப்பட்ட ஓர் இளைஞர், திருநெல்வேலிப் பக்கம், ஒரு சனிக்கிழமை இரவு மெஸ்ஸில் சாப்பிடும்போது, எதிரே உட்கார்ந்திருந்த ரிடையரான செக்‌ஷன் ஆபீசரிடம் குறைப்பட்டுக்கொண்டார். காரியாலயத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

“நேத்து மத்தியானம்தான் சார் புது சர்வர் வந்து எறங்குச்சு. திங்கக்கெழமை பத்து மணிக்குப் பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டணுமாம். மூணு நாள் டயம் குடுங்கன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க தம்பி?”

“ராத்திரியே இன்ஸ்டால் பண்ணி ஓட விட்டுக் காமிச்சிருந்தேன் சார், அதான் தப்பாப் போச்சு. ‘சல் ரஹா ஹை நா, ஃபிர் க்யா?’ன்னுட்டாங்க.”

ஓடுகிறதல்லவா, அப்புறம் என்ன என்ற இந்தக் கேள்வியில்தான் எல்லா வினையும் இருக்கிறது. ஓடுவது வேறு, ஊருக்கு நடுவே வைக்கத் தகுந்ததாக இருப்பது வேறு. அந்தப் பையன் கேட்ட மூன்று நாள் எதற்கு என்பதைச் சற்று விவரமாகப் பார்ப்பது நல்லது. கம்ப்யூட்டரைத் தொடாதவர்களுக்கும் புரியக்கூடிய சங்கதிதான்.

கரோல் பாக்கில் ஒரு பர்ஸாத்தியில் புதிதாகக் குடிபோகிறவர் முதல் காரியமாகப் புதுப் பூட்டு வாங்குகிறார். முன்பு குடியிருந்தவர் எத்தனை பேருக்குச் சாவி கொடுத்தாரோ! பிறகு பின்பக்கத்துச் சந்தில் திறக்கும் கதவு இருக்கிறதா, ஜன்னல் கம்பி ஆடுகிறதா என்று பார்க்கிறார். அதன் பிறகே டிரங்குப் பெட்டியை உள்ளே கொண்டுபோகிறார். சர்வருக்கும் இதே முறைதான். ஆனால் கம்ப்யூட்டர் என்னும் வீட்டுக்கு வாசல் எண்கள் ஒன்றிரண்டல்ல, 65,535. இயந்திரத்தை நடத்தி வைக்கும் மூல மென்பொருளான ஆபரேட்டிங் சிஸ்டம், எல்லோருடைய தேவைக்கும் பொருந்தும்படி தயாராகி வருவது. அதனால் அச்சடிக்கும் சேவை, ஃபைல் பகிரும் சேவை, தூரத்திலிருந்து நுழையும் சேவை என்று அந்தக் காரியாலயத்துக்குத் தேவையே இல்லாத சில வாசல்களும் திறந்தபடி வரலாம். எது எது திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததைச் சாத்துவதுதான் முதல் வேலை. இரண்டு வாசல் போதும் என்ற இடத்தில் இருபது வாசல் திறந்திருந்தால், அத்தனைக்கும் யார் காவல் இருப்பது?

அடுத்தது சாவி. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதால் என்ன ஆகும் என்பதற்கு 2016ஆம் வருடத்து ‘மிராய்’ சம்பவமே போதும். கடைகளிலும் வீடுகளிலும் மாட்டுகிற கண்காணிப்பு காமிராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள் ஆகியவற்றுக்குள் புகுந்து லட்சக்கணக்கில் அவற்றைக் கைப்பற்றிய மென்பொருள் அது. அதற்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலைப் பெயர்களும் பாஸ்வேர்டுகளுமாக அறுபது சொச்ச ஜோடிகள் அதனிடம் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. சர்வர் விஷயத்தில் இன்னொரு கெட்ட வழக்கமும் உண்டு. ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில் நாலு பேர் நுழைவார்கள். தவறு நடந்தால் எந்த நாலில் எவர் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு சாவி, வேலையை விட்டுப் போனவரின் சாவி அன்றே ரத்து என்பதுதான் முறை.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒட்டுப்போடும் வேலை. பெட்டியில் வந்த ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரான தேதிக்கும், அது பிரிக்கப்படும் தேதிக்கும் இடையே பல மாதங்கள் ஓடியிருக்கும். அந்த மாதங்களில் அதில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளும், அவற்றுக்குக் கம்பெனி வெளியிட்ட ஒட்டுகளும் உலகத்துக்கே தெரியும். தெரியாதது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். ஒட்டுகளைப் போடுமுன் அதை வெளி உலகத்தோடு இணைக்கக் கூடாது. 2004ஆம் வருடத்திலேயே அமெரிக்காவின் சான்ஸ் நிறுவனத்தின் கண்காணிப்பு மையம் ஒரு கணக்குச் சொன்னது. ஒட்டுப்போடாத விண்டோஸ் கம்ப்யூட்டரை இணையத்தில் நேரடியாக இணைத்தால், சராசரியாக 20 நிமிடம்தான் தாங்குமாம். ஒட்டுகளை இறக்குமதி செய்யவே அதற்கு மேல் ஆகும்! ஆகவே தனியான உள்வலையில் வைத்து, சோதித்த மூலத்திலிருந்து ஒட்டுகளைப் போட்டுவிட்டுத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

‘சின்ன ஆபீஸ், எங்களை யார் தாக்கப்போகிறார்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. தேடி வருவது மனிதன் அல்ல, இயந்திரம். டியூஷன் சென்டர் நோட்டீசை வீடு வீடாகச் செருகிக்கொண்டு போகும் பையனுக்கு உள்ளே இருப்பவர் ஜட்ஜா ஜவானா என்ற கவலை இல்லை. அதுபோல இந்த இயந்திரங்களும் எண் வரிசைப்படி ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகின்றன. ‘வான்னாக்ரை’ தாக்குதல் நடந்தது 2017 மே 12ஆம் தேதி. அது நுழைந்த ஓட்டைக்கான ஒட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாதவர்கள் சிக்கினார்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதிக்கப்பட்டன. 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பிறகு தெரிவித்தது. அவர்கள் யாரும் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் அல்ல.

புது இரும்பில் பழைய சிஸ்டத்தைப் போடுகிற வழக்கம் இதைவிட மோசம். ‘எங்கள் சாப்ட்வேர் அதில்தான் ஓடும்’ என்பார்கள். சென்ட்ஓஎஸ் 7 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு ஒட்டு வருவது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வாங்கிய சர்வரில் அதையே போடுவது, புது வீட்டுக்குக் கறையான் அரித்த நிலைக்கதவை எடுத்துவந்து மாட்டுவதாகும்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரயில் விபத்து விசாரணையில், இந்த ஸ்டேஷன் கடிகாரமும் அடுத்த ஸ்டேஷன் கடிகாரமும் ஐந்து நிமிடம் வித்தியாசம் என்றால் எந்த சிக்னல் முதலில் விழுந்தது என்று எப்படிச் சொல்வது? சர்வர்களும் யார் எப்போது நுழைந்தார்கள் என்று பதிவேடு எழுதுகின்றன. அவற்றின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் பதிவேடு இருந்தும் பிரயோஜனமில்லை. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. என்.ஐ.சி. அல்லது தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒத்திருக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சம்பவம் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

தேசத்துக்கு நேரம் சொல்லும் அந்த ஆய்வுக்கூடம் எங்கோ இல்லை. கரோல் பாக்கிலிருந்து பூசா ரோடு பக்கமாகப் போனால் எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கிறது. அது இருக்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க் என்று பெயர். சர் சி.வி.ராமனோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்த, வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன்தான் அதன் முதல் டைரக்டர். அந்தப் பக்கம் தினமும் பஸ்ஸில் போய்வரும் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

இவை போக, சுவர் எழுப்பிப் பிரித்து வைப்பது ஒன்று. எய்ம்ஸில் குறைபட்டது அதுதான். 2019ஆம் வருடம் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் தீய மென்பொருள் புகுந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30ஆம் தேதி ஒப்புக்கொண்டது. நிலையத்தை இயக்கும் உள்வலை அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் அங்கே பாதிப்பில்லை என்றும் கழகம் கூறியது. ஓர் அறையில் திருடன் நுழைந்தாலும் இன்னோர் அறைக்குப் போக வழியில்லாமல் வைத்திருந்தால், மறுநாள் காலை வேலை நடக்கும்.

இத்தனையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2008இலேயே சர்வர் பாதுகாப்புக்கு ஒரு கையேடு போட்டது. அரசு காரியாலயங்களுக்கென்று செர்ட்-இன் 2023 ஜூனில் விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. புத்தகம் இருக்கிறது, விதி இருக்கிறது. இல்லாதது நேரமும், ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரமும்தான்.

இந்த விஷயத்தில் ரயில்வேயிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. ரயில்வேயைத் திட்டுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் யார்டிலிருந்து ஒரு வண்டி புறப்படுமுன், கேரேஜ் அண்ட் வேகன் ஊழியர்கள் பிரேக்கைச் சோதித்து, ‘பிரேக் பவர் சர்டிபிகேட்’ என்ற ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். டிரைவரும் கார்டும் அதை வாங்கிக்கொண்ட பிறகே வண்டி நகர வேண்டும். கார்டுக்கு 2022இல் டிரெயின் மேனேஜர் என்று பெயரை மாற்றினார்கள், தாளை மாற்றவில்லை. ஒரு புது ரயில் பாதையைப் பிரயாணிகளுக்குத் திறப்பதானால் இன்னும் கண்டிப்பு. 1989ஆம் வருட ரயில்வே சட்டப்படி, ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும். அந்தக் கமிஷன் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு அவசரப்படுகிறவருக்குச் சம்பளம் வாங்கும் கடமைப்பட்டவர் சோதிக்கக் கூடாது என்பதுதான் இதன் தாத்பரியம். மந்திரி தேதி கொடுத்துவிட்டார் என்பதற்காக அவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

சர்வர் அறையிலோ நிலைமை தலைகீழ். தேதி குறிப்பவர் அதிகாரி. சோதிக்க வேண்டியவர் அவருடைய ஒரு போன் காலில் வேலை இழக்கக்கூடிய காண்டிராக்ட் பையன். வேலை நடந்தால் பாராட்டு மேலே போகும். கெட்டால் மெமோ கீழே வரும்.

குமாஸ்தாக்களுக்கும் இதில் பங்கு உண்டு. ‘இரண்டு நாள் ரெஜிஸ்தரில் எழுதுங்கள், சர்வர் தயாராகட்டும்’ என்றால் முதலில் முகம் சுளிப்பது அவர்கள்தான். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பாஸ்வேர்டை எழுதி வைப்பதும் அவர்களே. சர்வர் விழுந்தால் கவுண்டருக்கு முன்னால் நிற்கும் ஜனங்களின் வசவு அதிகாரியின் அறைக்குப் போகாது, கவுண்டரில் இருப்பவரிடம்தான் வரும் என்பதையாவது அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

மெஸ்ஸில் அன்று அந்த ரிடையரான செக்‌ஷன் ஆபீசர் கடைசியாகச் சொன்னது, முப்பது வருஷம் ஃபைல் பார்த்த அனுபவம்: “வாயால சொல்லாதீங்க தம்பி. நோட் போடுங்க. என்ன என்ன பண்ணியாச்சு, என்ன என்ன பண்ணலை, இப்படியே திறந்தா என்ன ஆகும்னு அரைப் பக்கம் எழுதி, டேட் போட்டு, ‘உத்தரவு வேண்டப்படுகிறது’ன்னு முடிச்சு மேல அனுப்புங்க.” பையன் ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கம் எழுதினார். ஒட்டுகள் பாதிதான் முடிந்திருக்கின்றன, பேக்அப்பிலிருந்து திரும்ப எடுத்துப் பார்க்கும் ஒத்திகை நடக்கவே இல்லை, பழைய காண்டிராக்டர் ஆட்களின் பெயர்கள் இன்னும் நீக்கப்படவில்லை என்று மூன்றே விஷயங்கள். அதன் கீழே ‘பார்த்தேன், திறக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட யாரும் முன்வரவில்லை. விழா வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

எல்லாக் காரியாலயத்திலும் இப்படி ஒரு மெஸ் சிநேகிதர் வாய்க்கமாட்டார். ஆகவே, சர்வர் வாங்கும் டெண்டரிலேயே இதை எழுதிவிட வேண்டும். பெட்டி வந்து இறங்கிய பிறகு இத்தனை வேலை நாள் தயாரிப்புக்கு என்று ஒதுக்க வேண்டும். எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது, சாவி யார் யாரிடம், ஒட்டுப்போட்ட தேதி என்ன, பேக்அப்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்த தேதி என்ன என்ற நாலு கேள்விகளுக்கு விடை எழுதிய ஒரு தாளில், விழாவுக்குத் தேதி குறிக்காத வேறொரு பிரிவின் அதிகாரி கையெழுத்திட்ட பிறகுதான் பில் பாஸாக வேண்டும். காண்டிராக்டருக்குப் பணம் கிடைக்க அந்தத் தாள் தேவை என்று வைத்துவிட்டால், பையனுக்கு மூன்று நாள் கேட்டு வாதாடுவதற்குக் காண்டிராக்டரே அதிகாரியின் அறைக்கு வந்துவிடுவார்.